கோக்கி காளியப்பனும் ஐந்தாம் ஞாயிறும்

பாலோ ரயிலடியிலிருந்து ஆறு கட்டை, அதாவது ஆறு மைல், தள்ளி இருந்த ரப்பர்த் தோட்டத்துக்குக் காகிதத்தில் ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயர் உண்டு. அது வாயில் நுழையாததால் சனங்கள் ஆறாங்கட்டைத் தோட்டம் என்றே சொன்னார்கள். லயங்களில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், இருந்த முந்நூறு சொச்சம் பேரில், கப்பலேறிப் போய் வெள்ளைக்காரன் ஊரைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன் ஒருத்தன்தான். துரை பங்களாவில் சமைக்கிற கோக்கி காளியப்பன். அதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவனும் அதைத் தவிர வேறெதையும் பேசியதில்லை.

அவன் போனது 1925இல். பிரைஸ் துரை மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஊருக்குப் போய் ஒன்பது மாதம் படுத்துக் கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுத்தவரைத் தூக்க, புரட்டிவிட, கட்டிலுக்கு அடியில் சட்டி வைத்து எடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்தச் சட்டி எடுக்கிற வேலைக்குத்தான் காளியப்பனைக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது சட்டி மறந்துபோயிற்று. ஆட்டு ரோமத்தில் நெய்த கறுப்புக் கோட்டு மட்டும் மிஞ்சியது. மாரியம்மன் திருவிழாவுக்கு அதை மாட்டிக்கொண்டு வந்து, வேர்வை முழங்கை வழியாகச் சொட்டச் சொட்ட, முதல் வரிசையில் நின்றான்.

“தொரை வீட்டுக்கு நாப்பது ரூமு. வாசல்லேருந்து குசினிக்கு நடக்கிறதுக்குள்ள காலு வலிச்சிடும்.”

“அத்தனையையும் யாருண்ணே கூட்டுவா?” என்று கேட்டாள் அங்கம்மா. நாலாம் நம்பர்க் காட்டில் பால் வெட்டுகிறவள். புருஷன் செத்த பிறகு ஒரு பசுமாட்டை வளர்த்துக்கொண்டு தனியாக இருந்தாள். எதையும் கேட்காமல் விடமாட்டாள்.

“வேலைக்காரங்க எம்பது பேரு.”

“எம்பது பேர வச்சுக்கிட்டு ஒங்கள எதுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு?”

காளியப்பன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

அவன் உண்மையில் பார்த்தது வேறு. அதைப் பெண்டாட்டி செல்லத்திடம்கூட அவன் சொன்னதில்லை. சொன்னால் தனக்குத்தான் கேவலம் என்று நினைத்தான்.

வேல்ஸ் என்ற சீமையில், மலைக்கு இடுக்கில் முப்பது வீடு. சுவரும் கல், கூரையும் கல். வானம் ஓட்டைச் சட்டி மாதிரி நாள் முழுக்க ஒழுகும். தெருவெல்லாம் ஆட்டுப் புழுக்கை. ஒரு கடை, ஒரு கொல்லன் பட்டறை, ஒரு பள்ளிக்கூடம். கோயில் மட்டும் இரண்டு, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு எதிரெதிரே நின்றன. இரண்டிலும் ஒரே சாமிதான், அதற்கும் சிலை கிடையாது. ஆனால் இந்தக் கோயில்காரன் அந்தக் கோயில் படியை மிதிக்கமாட்டான். இதற்காக ஏழு கடல் தாண்டி வரவேண்டுமா, இந்தக் கூத்து நம்ம ஊரிலேயே நடக்கிறதே என்று காளியப்பனுக்குத் தோன்றியது.

ஊரில் பாதிப் பேருக்கு ஒரே பெயர். அதனால் கடை ஜோன்ஸ், பால் ஜோன்ஸ், சவப்பெட்டி ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள். லயத்தில் நொண்டி முனியாண்டி, தண்ணி முனியாண்டி என்று கூப்பிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கிலீஷாவது பேசினார்களா என்றால் அதுவும் இல்லை. தொண்டையில் சளியைப் புரட்டுகிற மாதிரி அவர்களுக்கென்று ஒரு பாஷை. துரையின் அம்மாவுக்கு இங்கிலீஷில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் சொந்தப் பாஷை பேசினதற்காகக் கழுத்தில் பலகை கட்டி அடித்தார்களாம். சவப்பெட்டி ஜோன்ஸ் அந்த அடியை வாங்கினவர். அதைச் சொல்லும்போது கிழவர் கண் கலங்கினார். காளியப்பனுக்கு இரக்கம் வரவில்லை. அடி வாங்குகிற வெள்ளைக்காரன் என்று ஒரு சாதி இருப்பதே அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஏமாற்றத்துக்குக் குறைவே இல்லை. துரைக்கு இடுப்பு நேரானதும், ஒருநாள் காலையில் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தொழுவத்தில் சாணி அள்ளினார். ஆறாங்கட்டையில் குதிரையிலிருந்து இறங்கினால் கடிவாளத்தைப் பிடிக்க இரண்டு பேர் ஓடவேண்டும், அந்தத் துரை. அம்மாக்காரி பார்த்து, “மூலையை விட்டுட்டே பார்” என்று திட்டினாள். துரை மூலையையும் வழித்தார். அன்று மத்தியானம் அந்த அம்மா காளியப்பனை மேசையில் உட்கார வைத்து, விருந்தாளி என்று முதல் துண்டு ரொட்டியை அவன் தட்டில் போட்டாள். கோக்கியை மேசையில் உட்கார வைக்கிறவள் என்ன துரைசாணி? வெள்ளைக்காரன் என்றால் வெள்ளைக்காரன் மாதிரி இருக்கவேண்டாமா?

ஆட்டுக்கு மயிர் வெட்டுகிற நாளில் ஊரே ஒரு வீட்டுக்கு வந்து சும்மா வேலை செய்தது. மறுநாள் அந்த வீட்டார் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். பன்றி அடித்தால் வீடு வீடாகத் துண்டு போனது. குளிர்காலத்தில் கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் பாட்டுப் போட்டி, செய்யுள் சொல்லும் போட்டி. ஜெயித்தவன் கழுத்தில் சின்னப் பட்டுப்பை ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அதற்காக நரைத்த ஆட்கள் ஒரு வாரம் தூங்காமல் மனப்பாடம் செய்தார்கள். பிரசங்கியார் மெதுவாகப் பேச ஆரம்பித்து, போகப்போக ராகம் போட்டு இழுத்து, கடைசியில் உடுக்கை இல்லாத பூசாரி மாதிரி ஆடினார். கொல்லனும் கசாப்புக்காரனும் எழுந்து நின்று நாலு குரலில் பிரித்துப் பாடியபோது காளியப்பனுக்கு மயிர் சிலிர்த்தது. அதற்காகவும் அவன் வெட்கப்பட்டான்.

எல்லாவற்றையும்விட அந்த ஊர் ஞாயிற்றுக்கிழமைதான் அவனை வதைத்தது. மூன்று வேளை கோயில். சமையல் சனிக்கிழமையே முடிந்துவிடும். உருளைக்கிழங்குத் தோலை உரிக்கக் கூடாது, ஊசியை எடுக்கக் கூடாது, விசிலடிக்கக் கூடாது. ஒரு ஞாயிறு அவன் துரையின் பூட்ஸுக்குச் சாயம் போட உட்கார்ந்தான். அம்மாக்காரி பார்த்தாள். திட்டவில்லை. முகம் கல்லாகிப் போனது. பூட்ஸைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, அவன் தோளைத் தொட்டு, உனக்கும் சேர்த்துத்தான் இந்த நாள் என்றாள்.

ஊர் திரும்பியதும் முதல் காரியமாக, அங்கே இருந்த மாதங்களில் கற்றுக்கொண்டு வந்த பாஷையைச் சிற்றம்பலம் கிராணியிடம் எடுத்துவிட்டான். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துக் கணக்கெல்லாம் அவர் கையில். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“என்ன காணும் இது? சத்தியமா இது இங்கிலீஸ் இல்லை.”

“அது ராசா வீட்டு இங்கிலீஸு, ஐயா. ஒங்களுக்குப் பழக்கம் இருக்காது.”

“ஓமோம், இருக்காதுதான்,” என்றார் கிராணி. அன்றைக்கு முழுக்க ஆபீஸில் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்படி இரண்டு வருஷம் நாற்பது அறை அரண்மனை கெட்டியாக நின்றது. 1928இல் துரையின் அப்பா செத்துப்போனார். அம்மாக்காரி தனியாகக் கப்பலேறி, சிங்கப்பூரில் இறங்கி, ரயிலில் பாலோவுக்கு வந்து சேர்ந்தாள். ஆறு வாரம் இருப்பாள் என்றார்கள்.

பெரிய துரைசாணியைப் பார்க்க ரோட்டோரம் கூடிய சனம், ஒட்டுப் போட்ட பூட்ஸும் கறுப்புக் கவுனும் போட்ட ஒரு குட்டைக் கிழவி தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு லாரியிலிருந்து குதித்ததைப் பார்த்தது. அவள் துரையைப் பார்ப்பதற்கு முன் காளியப்பனைப் பார்த்து, கையைப் பிடித்துக் குலுக்கி, அந்தச் சளி பாஷையில் நலம் விசாரித்தாள்.

“நாப்பது ரூமு வீட்டுக்காரம்மாவா இது?” என்றாள் அங்கம்மா.

“எளிமையா இருப்பாங்க. அதான் ராச பரம்பரை.”

மறுநாள் கிழவி லயத்துக்கே வந்துவிட்டாள். அங்கம்மாவின் பசு புது ஆளைக் கண்டு உதைத்தது. கிழவி கவுனைச் சுருட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்து, ஏதோ முணுமுணுத்தபடி கறக்க ஆரம்பித்தாள். மாடு அசையவில்லை. செம்பு நுரைத்தது. அங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அலமாக், இந்தக் கை பத்து மாடு கறந்த கையாச்சே. அண்ணே, எம்பது வேலைக்காரங்க எங்கண்ணே போனாங்க?”

“அந்த ஊர்ல ராணிங்க பொழுதுபோக்குக்குக் கறப்பாங்க,” என்றான் காளியப்பன். சொல்லிவிட்டு விறுவிறுவென்று பங்களாவுக்கு நடந்தான். பின்னால் சிரிப்பு தொடர்ந்தது.

அவன் மானம் போனது அத்தோடு. ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்தது. கிழவி வந்த முதல் சனிக்கிழமை துரை அவனைக் கூப்பிட்டார். விஸ்கிப் புட்டிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டே, தோட்டத் தமிழில் சொன்னார்.

“அம்மா இருக்கிற வரைக்கும் ஞாயித்துக்கிழமை வேலை இல்லை. நீ அம்மாகிட்டே சொல்லு, இங்கே எப்பவும் அப்படித்தான். வேற பேச்சு பேசினா உனக்குப் பங்களா இல்லை. கத்தி எடுத்துப் பால்மரம் வெட்டு. தெரியுமா?”

“தெரியும் தொரை.”

ஆறாங்கட்டையில் ஞாயிறு என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லா நாளும்போல விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓடவேண்டும். அந்த ஞாயிறு மணி அடிக்கவில்லை. பழக்கத்தில் ஐந்து மணிக்கு விழித்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பாயில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பழகிவிட்டது. பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து ஆற்றங்கரையில் தலை காயவைத்தார்கள். ஆண்கள் கோயில் கூரைக்கு அத்தாப்பு ஓலை மாற்றினார்கள். செல்லத்துக்கு இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு, சனிக்கிழமைக்குள் முழங்காலுக்குக் கீழே பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். அதோடுதான் அவள் பால் வெட்ட நானூறு மரம் சுற்றுவாள். அந்த ஞாயிறு சுவரில் காலைத் தூக்கி வைத்து, வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினாள். இரண்டாவது ஞாயிறுக்குப் பிறகு திங்கட்கிழமை காலையில் அவளுக்குப் பாதம் தரையில் பதிந்தது.

“இது எப்படிங்க திடீர்னு?” என்று கேட்டாள்.

பெண்டாட்டியிடம் பெருமை பேசாமல் இருக்க அவனால் முடியுமா? “கெழவிக்காகத்தான். அவங்க ஊர்ல ஞாயித்துக்கெழமை வேலை செஞ்சா மகாபாவம். தொரைக்கு அவங்க ஆத்தான்னா பயம். எனக்கு மட்டும்தான் தெரியும், யார்கிட்டயும் சொல்லிடாத.”

அன்று மத்தியானத்துக்குள் முந்நூறு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு லயமே கிழவியைச் சீராட்ட ஆரம்பித்தது. முருங்கைக்கீரை, முட்டை, தயிர் என்று பங்களாவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கிழவி இருமினால் நாலு பேர் சுக்கு இடித்தார்கள். அவள் ஊர் திரும்பாமல் இருக்கவேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்களும் உண்டு. வெள்ளைக்காரி ஒருத்தி போய்விடக் கூடாதே என்று கும்பிட்ட தோட்டம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நாலு ஞாயிறு போனது. மாசக் கடைசி வந்தது. மழையில் ஐந்து நாள் வெட்டு கெட்டிருந்ததால் பால் கணக்குக் குறைந்தது. மேலிடத்திலிருந்து துரைக்குக் கடுதாசி வந்தது. சனிக்கிழமை மத்தியானம் துரை கங்காணியைக் கூப்பிட்டு, மறுநாள் நாலாம் நம்பர்க் காட்டை மட்டும் வெட்டச் சொன்னார். அது மலைக்குப் பின்னால் இருக்கிறது. மணி அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது. அம்மா பதினொரு மணி வரைக்கும் வேதப் புத்தகத்தோடு இருப்பாள், ஒன்றும் தெரியாது என்று கணக்குப் போட்டார்.

அன்று சாயங்காலம் அங்கம்மா பங்களா குசினி வாசலுக்கு வந்தாள். கூடவே செல்லமும் வந்தாள்.

“அண்ணே, நாளைக்கு வெட்டி முடிச்சதும் பால் வாளிய ஸ்டோருக்குக் கொண்டு போகல. நேரா இங்கதான் கொண்டாரேன். அந்தம்மா முன்னால வைக்கிறேன். அது என்னன்னு கேக்கும். நீங்க கதை கட்டவேணாம், அரமனை கட்டவேணாம். இன்னிக்கு ஞாயித்துக்கெழம, இன்னிக்கு வெட்டின பாலு. இம்புட்டுதான் சொல்லணும். அதுக்கப்புறம் ஆத்தாளும் மகனும் பாத்துக்குவாங்க.”

“தொரை என்னைய—”

“என்ன செஞ்சிடுவாரு? ஆத்தா முன்னால வாயத் தொறக்காத ஆளு. ஒருக்கா அந்தம்மா வாயால ஞாயித்துக்கெழம வேல கூடாதுன்னு வந்துட்டா, கெழவி போனாலும் அந்தப் பேச்சு நிக்கும்.”

செல்லம் ஒரு காலை மற்றொரு காலின் மேல் வைத்து இளைப்பாறியபடி நின்றாள். “சொல்லிடுங்க,” என்றாள்.

“பாக்கலாம், பாக்கலாம்,” என்றான் காளியப்பன். அடுப்பில் கோழி தீய்கிறது என்று உள்ளே போனான். அடுப்பில் கோழி இல்லை.

ஞாயிறு பத்து மணி. கிழவி பங்களா முன்கட்டில் பிரம்பு நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அங்கம்மா தோளில் காண்டாக் கம்போடு, இரண்டு பக்கமும் வாளி ஆட, படிக்குக் கீழே வந்து இறக்கி வைத்தாள். பின்னால் செல்லமும் இன்னும் நாலு பெண்களும் வந்து நின்றார்கள். எல்லார் சேலையிலும் பால் தெறித்துக் காய்ந்திருந்தது. அங்கம்மா கும்பிட்டாள். வாளியைக் காட்டினாள். கிழவியின் மடியில் இருந்த புத்தகத்தைக் காட்டினாள். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

கிழவி இறங்கி வந்து விரலை வாளியில் விட்டுப் பார்த்தாள். புதுப் பால். அவள் முகம் கல்லாவது தெரிந்தது. உள்ளே பார்த்துக் காளியப்பனைக் கூப்பிட்டாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

இது எப்போது எடுத்தது என்று கேட்டாள். இன்றைக்கா? இந்த நாளிலா?

“சொல்லுங்கண்ணே,” என்றாள் அங்கம்மா.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. துரை உள்ளே இருக்கிறார், காது இங்கே இருக்கிறது. காளியப்பனுக்கு விடியற்காலை ஐந்து மணி தெரிந்தது. அட்டையும் கொசுவும் ஈரக் காடும் தெரிந்தன. பங்களாவில் மிஞ்சும் கோழிக் கால் தெரிந்தது. பெண்டாட்டியின் கால் அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. அது மட்டும் தெரியவில்லை.

அந்த வேல்ஸ் ஊரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். கறவை. மாட்டுக்கு ஞாயிறு தெரியாது, மடி கட்டிக்கொண்டால் வலிக்கும், அதனால் கறப்பது பாவமில்லை என்று பிரசங்கியாரே சொல்வார். காளியப்பன் அதைப் பிடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவன் மூளை அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

அம்மா, என்றான் அந்தப் பாஷையில், இது வேலை இல்லை, கறவை. இந்த மரமெல்லாம் மாடு மாதிரி. எடுக்காமல் விட்டால் பால் உள்ளே கட்டிக்கொள்ளும், பட்டை வெடிக்கும், மரத்துக்குக் காய்ச்சல் வரும். உங்கள் மகன் உங்கள்மேல் இருக்கிற மரியாதையில் நாலு ஞாயிறு கறக்க விடவில்லை. மரம் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் இந்தப் பெண்கள் இன்றைக்கு அவர்களாகவே போய்க் கறந்துவிட்டார்கள். இனிமேல் தடுக்க வேண்டாம் என்று உங்களிடம் முறையிட வந்திருக்கிறார்கள்.

கிழவி வாளியைப் பார்த்தாள். பெண்களைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. பிறகு உள்ளே திரும்பி ஒரு சத்தம் போட்டாள்.

துரை வந்தார். முந்நூறு பேரை நடுங்க வைக்கிற மனுஷன், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தாயின் முன்னால் நின்றார். கிழவி விரலை நீட்டி நீட்டித் திட்டினாள். வாயில்லாத ஜீவனைக் கட்டி வைத்துவிட்டா எனக்குப் பக்தி காட்டுகிறாய்? உன் அப்பா ஒரு நாள், பனி கொட்டுகிற நாளிலாவது கறக்காமல் விட்டதுண்டா? துரை முதலில் விழித்தார். பிறகு காளியப்பனைப் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கம் துடித்தது. உடனே தலையைக் குனிந்துகொண்டு, சரி அம்மா, இனிமேல் விடமாட்டேன் அம்மா என்றார்.

அந்தப் பாஷை தெரியாத பெண்கள் பார்த்தது என்ன? கிழவி அழுதாள்; மகனைத் திட்டினாள்; மகன் தலை குனிந்தார். வேறென்ன வேண்டும்? அங்கம்மா கிழவியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு காளியப்பன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, ஒங்கள நான் தப்பா நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

“பரவால்ல, பரவால்ல,” என்றான் காளியப்பன்.

அந்த வாரம் முழுக்க லயத்தில் அவனுக்கு ராஜ மரியாதை. கோயில் பக்கம் போனால் எழுந்து நின்றார்கள். செல்லம் முட்டையிடுகிற கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள். “எங்க சொல்லாம விட்டுடுவீங்களோன்னு பயந்துட்டேங்க,” என்றாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்குத் தண்டவாளத் துண்டு அடித்தது.

கை தவறி அடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கங்காணி வந்து கதவைத் தட்டினான். பெரட்டுக் களத்துக்கு ஓடினால், விளக்கு வெளிச்சத்தில் துரைக்குப் பக்கத்தில் கறுப்புக் கவுனோடு கிழவி நிற்கிறாள். காட்டுக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரிக்கிறாள். அங்கம்மாவைக் கண்டதும் கிட்ட வந்து, கன்னத்தைத் தட்டிக்கொடுத்து, காட்டைக் காட்டி, போ போ என்று கையால் சொன்னாள். அங்கம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று நானூறு மரத்தையும் அதை யோசித்தபடியே வெட்டினாள்.

மத்தியானம் பால் நிறுக்கிற இடத்தில் சிற்றம்பலம் கிராணிதான் புரியவைத்தார். துரை இதைப் பக்கத்து ஊரான குளுவாங்கில் இருக்கிற கிளப்பில் சொல்லி, வெள்ளைக்காரர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். கிராணியிடமும் சொல்லியிருக்கிறார்.

“உங்கட கோக்கி என்ன சொன்னவர் தெரியுமோ? மரமும் மாடும் ஒண்டாம். கறக்காட்டி நோகுமாம். கறக்க விடச் சொல்லி நீங்கள்தானாம் அழுதுகொண்டு வந்தனீங்கள்.” இதைச் சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு வரவில்லை. “பிள்ளையள், அந்த மனுசி உங்களுக்கு நல்லது செய்யிறன் எண்டு நினைச்சுத்தான் நிக்குது.”

செல்லம் தராசுக்குப் பக்கத்தில் வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். காலைத் தடவிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சண்டை போடவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். பேச்சு மட்டும் நின்றுபோனது. அவன் நாலு வார்த்தை கேட்டால் ஒரு ‘ம்’ வரும்.

கிழவி ஊருக்குப் போன அன்று பாலோ ரயிலடிக்கு அங்கம்மாவும் வந்தாள். அந்தக் கிழவிமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு கிழவி என்னவோ நீளமாகச் சொன்னாள்.

“நல்ல மனசுக்காரங்க நீங்க, ஒங்களுக்காக வேண்டிக்குவேன்னு சொல்றாங்க,” என்றான் காளியப்பன். அன்று அவன் சொன்னது அத்தனையும் நிஜம்.

“அப்படிச் சொல்லியிருக்காது,” என்றாள் அங்கம்மா, அவனைத் திரும்பிப் பார்க்காமலே.

மூன்று வருஷம் கழித்து ரப்பர் விலை விழுந்தது. பாதி லயம் காலியாகி நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியது. பிரைஸ் துரைக்கும் சீட்டுக் கிழிந்தது. போகிற அன்று காளியப்பன் சாமானெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, தன்னையும் கூப்பிடுவார் என்று வாசலில் நின்றான். துரை அவன் தோளில் தட்டினார், லாரியில் ஏறினார், போய்விட்டார். ஊரில் சாணி அள்ள அவருக்கு ஆள் தேவைப்படவில்லை. புதிதாக வந்த துரை கூடவே ஒரு ஹைனான்காரச் சீனச் சமையற்காரனைக் கொண்டுவந்தார். காளியப்பனைக் கங்காணி பெரட்டில் சேர்த்துக்கொண்டான். அதற்குள் அவனுக்கு ஐம்பது வயசு.

நாலாம் நம்பர்க் காட்டில் ஒரு நிரை கொடுத்தார்கள். அவன் வேலைக்கு வந்த முதல் நாள் ஒரு ஞாயிறு. இருட்டில் வேர் தடுக்கி இரண்டு தரம் விழுந்து, மூன்றாவது மரத்தில் கத்தியை வைத்தபோது பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. பக்கத்து நிரையில் அங்கம்மா. அதைப் பார்த்துவிட்டாள்.

“கறங்கண்ணே, நல்லாக் கறங்க. கட்டிக்கிட்டா அதுக்கு வலிக்குமில்ல.”

காடு முழுக்கப் பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு நிரை நிரையாகப் போய் மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. செல்லம் சிரிக்கவில்லை. அவனுக்குப் பரிந்தும் பேசவில்லை. வீங்கின காலை இழுத்துக்கொண்டு வந்து, அவன் கையிலிருந்து கத்தியை வாங்கி, சாய்த்துப் பிடித்து, ஒரு இழை மாதிரிப் பட்டையைச் சீவிக் காட்டினாள்.

“இம்புட்டுதான். ஆழமாப் போனா கங்காணி பேர் போடமாட்டான், கூலி போயிடும்.”

கத்தியைத் திரும்பக் கொடுத்துவிட்டுத் தன் மரத்துக்குப் போனாள். இன்னும் அவளுக்கு முந்நூற்றுத் தொண்ணூறு மரம் பாக்கி இருந்தது.